மரக்காணத்தில் அணில் புகுந்த ஓட்டு வீடு

மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டிய தெரு அது. மங்களூர் ஓடு வேய்ந்த வீடு, பின்னால் நாலைந்து பனை, வாசலில் ஒரு முருங்கை. வீட்டுக்கார அம்மா ஏணியைச் சுவரில் சாய்த்துக் கொடுத்து, “மேல ஏறிப் பாருங்க தம்பி, அணிப்புள்ள பண்ணி வச்சிக்கிற வேலைய” என்றார்.

சுவர் முடிந்து கூரை தொடங்கும் இடத்தில், கைமரத்துக்கும் ஓட்டுக்கும் நடுவே கை நுழையும் அளவுக்கு ஒரு சந்து. டார்ச் அடித்துப் பார்த்தேன். கூடு வெள்ளையாக இருந்தது. தேங்காய் நாரும் கிழிந்த துணியும்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். இங்கே பாதிக்கு மேல் உப்பு மூட்டையின் பிளாஸ்டிக் இழை. களத்தில் கிழிந்து கிடக்கும் சாக்கிலிருந்து இழை இழையாக உருவிக்கொண்டு வந்து சுற்றியிருக்கிறது. உட்புறத்தில் மட்டும் தலையணைப் பஞ்சு. அந்தத் தலையணையும் இந்த வீட்டுடையதுதான்.

கூட்டை ஒட்டி மின்விசிறிக்குப் போகும் வயர் ஓடுகிறது. ஒரு சாண் நீளத்துக்கு மேலுறை உரிந்து செம்பு பளபளத்தது. முதலில் மெயினை அணைக்கச் சொன்னேன், பிறகுதான் மற்ற பேச்சு. அணிலுக்கு முன்பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். எதையாவது கொறித்துத் தேய்த்தால்தான் அதற்கு வாயை மூட முடியும். மரச்சட்டமும் வயரும் அதற்கு ஒன்றுதான்.

2021 ஜூனில் இதே சங்கதி தமிழ்நாடு முழுக்கப் பேச்சானது. மின்கம்பிகளின் மேல் அணில் ஓடுவதாலும் மின்தடை வருகிறது என்று அப்போதைய மின்துறை அமைச்சர் செந்தில்பாலாஜி சொன்னார். பல நாள் கேலி செய்தார்கள். கேலி செய்தவர்கள் இந்த ஏணியில் ஏறிப் பார்த்திருக்க வேண்டும். அமெரிக்காவில் நாஸ்டாக் பங்குச் சந்தையின் மின்சாரத்தையே 1987 டிசம்பரில் ஓர் அணில் துண்டித்து, ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வணிகத்தை நிறுத்தியது. 1994இல் மறுபடியும் அதே கதை.

கீழே இறங்கித் திண்ணையில் உட்கார்ந்தோம். வீட்டுக்காரர் உப்பளத்திலேயே வயதைக் கழித்தவர். உப்பு வாரி வாரிக் காய்த்துப்போன கை. அணிலுக்காக இதுவரை எவ்வளவு செலவாயிற்று என்று கேட்டதும் மனைவிதான் விரல் விட்டு எண்ணினார். புதுச்சேரியிலிருந்து வந்த பூச்சி மருந்து ஆளுக்கு 2,500. கூண்டுக்கு 400. வலைக்கும் கூலிக்கும் 1,800. கொறித்த வயரை மாற்றிய எலெக்ட்ரீஷியனுக்கு 1,600. கூட்டினால் 6,300 ரூபாய். அணில் மட்டும் மேலேயே இருக்கிறது.

பூச்சி மருந்து ஆள் கரப்பான், கரையான், எலிக்குத்தான் வருகிறவர். அணிலுக்கென்று அவரிடம் தனி வழி எதுவும் இல்லை. எலிக்கு வைக்கும் பசைப் பலகையைக் கைமரத்தில் வைத்துவிட்டுப் போனார். மறுநாள் காலையில் அதில் ஒட்டிக்கொண்டு கத்தியது ஒரு சிட்டுக்குருவி. “நல்லெண்ணெய ஊத்தி ஊத்தி எடுத்தேன். ஒரு றெக்கை பிஞ்சி வந்துடுச்சி. சாயங்காலத்துக்குள்ள செத்துப்போச்சி” என்று சொன்ன அம்மாவுக்கு அதைச் சொல்லும்போது குரல் இறங்கியது. பலகையை அன்றே அடுப்பில் போட்டுவிட்டார். பசைப் பலகையில் சிக்கிய உயிர் பசியிலும் பயத்திலும் மணிக்கணக்கில் துடித்துச் சாகிறது. அதை நிறுத்தச் சொல்லி இந்திய விலங்கு நல வாரியம் மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. அப்படியும் கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது.

கூண்டில் ஓர் அணில் விழுந்தது. அதை எடுத்துப்போய்க் கழுவேலி ஏரிப் பக்கம் விட்டுவிட்டு வந்தார் வீட்டுக்காரர். பத்து நாள் கழித்து இன்னொன்று அதே சந்தில் குடிவந்தது. வழி திறந்திருக்கிறது, பின்னால் பனை இருக்கிறது, பக்கத்தில் பஞ்சும் இழையும் இருக்கின்றன. ஒன்று போனால் இன்னொன்று வரத்தான் செய்யும். அடித்துவிடலாமே என்று யாரோ சொன்னார்களாம். “ராமரு தடவின முதுகு தம்பி அது. அடிக்க மனசு வருமா?” என்றார் வீட்டுக்காரர். கடலை அடைக்க மணலில் புரண்டு ஓடிய அணில்களைத் தொண்டரடிப்பொடியாழ்வார் திருமாலையில் பாடியிருக்கிறார். கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கும் இந்தத் திண்ணையில் அந்தக் கதைக்கு இன்னும் மரியாதை இருக்கிறது.

சட்டமும் அணிலைத் தொல்லை உயிராக எண்ணவில்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், தொல்லை உயிர்கள் என்று காகம், எலி, பழந்தின்னி வௌவால் போன்றவற்றைத் தனி அட்டவணையில் வைத்திருந்தார்கள். 2022 திருத்தத்தில் அந்த அட்டவணையே போய்விட்டது. இருந்த காலத்திலும் அணில் அதில் இல்லை.

நான் அதிக நேரம் செலவழித்தது அந்த 1,800 ரூபாய் வலையோடுதான். சந்தை அடைக்க அவர்கள் வாங்கிய கம்பி வலை இன்னும் வடக்குப் பக்கம் தொங்கிக்கொண்டிருக்கிறது. விரலால் அழுத்தினேன். மொறுமொறுவென்று உடைந்து கையில் செந்தூளாக ஒட்டியது. அடித்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. துத்தநாகப் பூச்சு பூசிய வலைதான். கடலிலிருந்து தள்ளி இருக்கும் திண்டிவனத்தில் அடித்திருந்தால் பல வருடம் நின்றிருக்கும். இங்கே வீசுவது உப்புக் காற்று. அந்த உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு முதலில் துத்தநாகத்தையும் பிறகு இரும்பையும் தின்கிறது. வலை வலுவிழந்த இடத்தில் அணில் பல்லை வைத்திருக்கிறது. ஆணிகளும் அப்படியே, தலை கழன்று உடல் மட்டும் சட்டத்தில் நிற்கிறது.

சந்து வந்த கதையையும் கேட்டேன். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறியபோது இந்தப் பக்கத்து ஓடுகள் பெயர்ந்தன. அதற்கு முன் 2020 நவம்பரில் நிவர். ஒவ்வொரு முறையும் கிடைத்த ஓட்டை எடுத்துச் செருகியிருக்கிறார்கள். ஓடு ஒன்றோடொன்று சரியாகக் கவ்வவில்லை. அணில் அந்த இடத்தைத்தான் பிடித்துக்கொண்டது.

கடைத்தெருவில் ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் இரண்டு வலைகளை எடுத்துப் போட்டார். சாதா வலையைவிட எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) வலை மூன்று மடங்குக்கு மேல் விலை. “கடலோரம்னா இதத்தான் சார் நான் சொல்வேன். வாங்கறவங்க விலைய கேட்டுட்டு அத எடுத்துட்டுப் போயிடறாங்க” என்றார். எஸ்.எஸ்.ஸிலும் 316 ரகம் என்று கேட்டு வாங்கினால் உப்புக் காற்றை இன்னும் நன்றாகத் தாங்கும். கண் அரை அங்குலத்துக்கு மேல் இருக்கக்கூடாது. நைலான் வலை புறாவுக்கு ஆகும், அணிலுக்கு ஆகாது. இந்த வீட்டுக்கு அளந்து கணக்குப் போட்டோம். வலை 2,800. ஓட்டைச் சரியாக உட்கார வைத்து வலை அடிக்கத் தச்சருக்கு ஒரு நாள் கூலி 1,000. எஸ்.எஸ். திருகாணியும் சில்லறையும் 400. வயரைக் குழாய்க்குள் இழுத்துவிட 1,500. மொத்தம் 5,700. ஏற்கெனவே செலவழித்ததைவிட 600 ரூபாய் குறைவு.

ஆனால் அந்தத் தொகை ஒரே தடவையில் கையில் வேண்டும். மழைக்காலத்தில் உப்பளம் மூடியிருக்கும்போது தொழிலாளர் குடும்பத்துக்கு அரசு தரும் நிவாரணமே 5,000 ரூபாய்தான். ஓடு பெயர்வதும் அதே மாதங்களில். அரிசிக்கு வைத்த பணத்தை எடுத்து வலை வாங்கச் சொல்ல யாருக்கு வாய் வரும்? மலிவான வலையை வாங்குவது இவர்களுடைய அறியாமையால் என்று சொன்னால் அது அநியாயம். புயல் நிவாரணத்தில் ஓட்டுக்கும் கூரைக்கும் கணக்குப் பார்க்கும்போது கடலோரத்துக்குத் தாங்கும் பொருளின் விலையைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

கனடாவில் ஸ்கார்பரோ பக்கம் இருக்கும் நம்மவர்களுக்கும் இந்தத் தொல்லை உண்டு. அங்கே கூரைக்குள் சாம்பல் அணில். ஆள் கூப்பிட்டால் சில நூறு டாலர். வெளியே போகலாம், உள்ளே திரும்ப முடியாது என்கிற ஒருவழிக் கதவை மாட்டுகிறார்கள். அந்த ஊர் இருக்கும் ஒண்டாரியோ மாகாணத்தின் சட்டப்படி பிடித்த விலங்கை ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் விடக்கூடாது. அதனால் அங்கேயும் வேலை ஓட்டையை அடைப்பதில்தான் முடிகிறது.

தச்சர் மறுநாளே வருவதாகச் சொன்னார். அதற்கு முன் கூட்டை இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்று ஏறினேன். தாய் வெளியே போயிருந்தது. பஞ்சை மெல்ல விலக்கியதும் சுண்டுவிரல் அளவில் இரண்டு. கண் திறக்கவில்லை, மயிர் முளைக்கவில்லை, தோலுக்குள் ரத்தம் ஓடுவது தெரிந்தது. பஞ்சை மூடிவிட்டு இறங்கினேன். இப்போது வலை அடித்தால் தாய் வெளியே நின்று சட்டத்தைக் கடித்துக் குதறும், குட்டிகள் உள்ளே செத்து நாறும். குட்டி தாய்ப்பால் மறந்து ஓடியாட ஏறக்குறைய பத்து வாரமாகும். அந்த வரிசை வயரின் இணைப்பை மட்டும் பெட்டியிலேயே கழற்றிவிட்டு, விசிறிக்கு வேறு வழியில் இழுத்துத் தருவதாக எலெக்ட்ரீஷியன் ஒப்புக்கொண்டார். தச்சரைப் பிறகு வரச் சொல்லியாயிற்று. “பிள்ளப்பெத்த வீடு. இருந்துட்டுப் போவட்டும்” என்றார் அம்மா.

உங்கள் வீட்டிலும் அணில் புகுந்திருந்தால் முதலில் மெயினை அணைத்து வயரைப் பாருங்கள். அடுத்து கூட்டில் குட்டி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் காத்திருங்கள். காத்திருக்கக் காசு எதுவும் ஆகாது. பிறகு கடலோரமாக இருந்தால் எஸ்.எஸ். வலை கேட்டு வாங்கிச் சந்தை அடையுங்கள். பசைப் பலகையோடு யாராவது வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுங்கள்.