நானும் கூடப் போனேன்

"அம்மா, ஞாயிற்றுக்கிழமை இருங்காட்டுக்கோட்டை ரேஸ் பாதையில் பைக் ஓட்டப் போறேன்" என்றான் மகன். என் வயிற்றில் புளியைக் கரைத்தது. பூந்தமல்லி ரோட்டில் அவன் பறக்கிறான் என்று கேள்விப்பட்டதிலிருந்தே எனக்குத் தூக்கமில்லை.

என் அப்பாவோ, "சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலத்தில், அம்பத்தூரிலிருந்து சைக்கிளிலேயே போய்ப் பார்த்தவன் நான். ரோட்டில் பறப்பதற்கு இது மேல், அனுப்பு" என்றார்.

"அப்படியானால் நானும் வருவேன்" என்று அவன் பின்னால் ஏறிக்கொண்டேன்.

அங்கே முதலில் பிரேக்கையும் டயரையும் சோதித்தார்கள். பக்கக் கண்ணாடியைக் கழற்றி, விளக்குக்கு டேப் ஒட்டினார்கள். வாடகைக்குத் தோல் உடுப்பு, கையுறை, பூட்ஸ், முகம் மூடிய ஹெல்மெட். பிறகு புதியவர்களுக்குப் பாடம்: மஞ்சள் கொடி ஆபத்து, முந்தாதே, சிவப்பு என்றால் வேகத்தைக் குறைத்துத் திரும்பிவிடு. வளைவுக்கு முன்பே பிரேக் பிடி. கண் போகும் பக்கம்தான் வண்டி போகும்.

1990-ல் திறந்த பாதை. ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர். எதிரே லாரியில்லை, மாடில்லை. ஆம்புலன்ஸ் தயாராக நிற்கிறது.

திரும்பும்போது நாற்பதைத் தாண்டவில்லை அவன். "ஏண்டா?" என்றேன்.

"எதிரே யாருமே இல்லாத இடத்திலேயே எத்தனை தப்பு பண்ணினேன் தெரியுமா? இங்கே ஒரு தப்புக்கும் இடமில்லேம்மா."

என் பயம் முழுதும் போய்விடவில்லை, சகோதரிகளே. ஆனால் அன்றிரவு தூங்கினேன்.