ஓர் உருபும் மூன்று சொற்களும்

உடப்புசல்லாவையிலிருந்து நுவரெலியாவுக்கு பஸ்ஸில் போனாலும் வேனில் போனாலும் தமிழுக்கு 'இல்' ஒன்றே போதும். ஆங்கிலமோ பஸ்ஸுக்கு 'ஒன்', வேனுக்கு 'இன்' கேட்கும். மேசையில், பெட்டியில், வாசலில் என்பவையும் அப்படித்தான்: பரப்புக்கு 'ஒன்', உள்ளிடத்துக்கு 'இன்', புள்ளிக்கு 'அட்'. நம் உருபு பெயரின் பின்னால் ஒட்டும். அவர்கள் சொல் முன்னால் தனித்து நிற்கும்.

என் மாணவி ஒருத்தி, தன் தாய் தோட்டத்தில் வேலை செய்வதை 'இன்' போட்டு எழுதினாள். வழக்கு 'ஒன்' என்றேன்.

"ஏன் சேர்?"

தேயிலைத் தோட்டத்தை ஆங்கிலம் நிலப்பரப்பாகப் பார்க்கிறது. லயத்தில் பிறந்தவளுக்கு அது உள்ளே வாழும் இடம். பரீட்சைக்கு 'ஒன்' எழுதட்டும். ஆனால் அவளை மொழியறிவற்றவள் என்பது அநியாயம். அவள் தமிழில் சரியாகவே சிந்தித்தாள். சொல்லை மனனமாக்குமுன் அந்தப் பார்வையை விளக்குவதே நம் கடமை.