நாலு விரல் இடைவெளி

போன மாரிக்கு வவுனியாவில ஒரு செத்தவீட்டுக்குப் போட்டு வந்துகொண்டிருந்தம். இரவு எட்டு மணி இருக்கும். இயக்கச்சிக்குக் கிட்ட, ஏ9 ரோட்டின்ர நட்டநடுவில ஒரு மாடு. பிரேக் பிடிச்சம், கார் நிண்டது. ஆனால் நிண்ட விதம் சரியில்லை. மூக்குக் குத்தி, பின்பக்கம் எழும்பி, பிறகு தொட்டில் மாதிரி மூன்று தரம் ஆடித்தான் அடங்கிச்சு. பின்சீற்றில இருந்த அம்மாவின்ர நெத்தி முன்சீற்றில முட்டினது. மாடு எங்களைத் திரும்பியும் பார்க்கேல்லை.

கார் அண்ணாவுடையது. சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட், கார்ப் பைத்தியங்கள் 'இசட்சி 31 எஸ்' என்று சொல்லுகிற மொடல். யப்பானில் 2005 இல் வந்தது. 1.6 லீற்றர் எஞ்சின், 125 குதிரைவலு, நிறை ஒரு தொன்னைக் கொஞ்சம் தாண்டும். தெரியாத ஆக்களுக்கு அது சந்தைக்குப் போற ஸ்விஃப்ட் கார்தான். 'ஹொட் ஹச்' என்று சொல்லுறது இப்படியான கார்களைத்தான்: வீட்டுப் பாவனைக்குச் செய்த சின்னக் காருக்குப் பெரிய எஞ்சினும் இறுக்கமான கால்களும் குடுத்து விடுறது. அண்ணா 2019 இல் வாங்கினவர். அடுத்த வருசம் மார்ச்சில வாகன இறக்குமதி நிண்டது, 2022 இல அண்ணாவும் கனடாவுக்குப் போயிட்டார். 2025 பெப்ரவரியில இறக்குமதியைத் திரும்பத் திறந்தவைதான், ஆனால் அந்த விலைகளை நாங்கள் பேப்பரில வாசிக்க மட்டும்தான் ஏலும். ஆகவே இருக்கிற கார்தான் எங்களுக்குக் கார். அக்காவும் தங்கச்சியும் மாறி மாறி ஓடுறம்.

மாடு சம்பவத்துக்கு அடுத்தநாள் பம்பரை அமத்திவிட்டுப் பார்த்தம். ஒருதரம் எழும்பி நிக்க வேண்டிய கார் இரண்டு மூன்று தரம் ஆடினது. முன் ஷொக் இரண்டிலயும் எண்ணெய் கசிஞ்சு, அதில புழுதி படிஞ்சு சேறாய் இருந்தது. ரயரும் ஒரே சீராத் தேயாமல் திட்டுத் திட்டாய்த் தேஞ்சிருந்தது. ஷொக் முடிஞ்சுது. இதுக்கு மெக்கானிக் தேவையில்லை.

அண்ணாவுக்கு வட்ஸ்அப்பில சொன்னம். உடன பதில் வந்தது: "மாத்திறதெண்டா ஸ்பிரிங்கையும் சேர்த்து மாத்துங்கோ. ரெண்டு விரல் பதிச்சா என்ன வடிவு தெரியுமே?"

ரயருக்கும் மட்காட்டுக்கும் இடையில எங்கட காரில நாலு விரல் இடைவெளி. அண்ணாவுக்கு அது கண்ணில தூசு மாதிரி. வாங்கின நாளில இருந்து லோவரிங் ஸ்பிரிங் போட வேணும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர். காசு சேர முதல் நாடு விழுந்தது, பிறகு அவரும் போயிட்டார். இதில ஒண்டை ஒத்துக்கொள்ள வேணும்: எங்களுக்கும் ஆசை இருந்தது. நல்லாய்ப் பதிஞ்ச ஸ்விஃப்ட் ஸ்போர்ட் ஒண்டைப் பக்கவாட்டில நிண்டு பாருங்கோ, விளங்கும். பொறுப்பான பிள்ளைகள் வேடம் போட இதை எழுதேல்லை.

முதல் கராஜில அண்ணை எங்களைக் கதைக்கவே விடேல்லை. "தங்கச்சி, காரின்ர சொந்தக்காரர் ஆர்? அவரின்ர நம்பரைத் தாங்கோ, நான் கதைக்கிறன்." எங்களுக்கு அப்ப காலை 11 மணி, அண்ணாவுக்கு இரவு 1:30. சாமத்தில எழும்பின மனுசன் நித்திரைக் குரலில "என்ன ஸ்பிரிங் போடலாம் அண்ணை?" என்று கேட்க, அவர் கிரைண்டரைக் காட்டினார். இருக்கிற ஸ்பிரிங்கில ஒரு சுத்து வெட்டினால் சரி, செலவும் இல்லையாம். ஷொக்குக்கு ஓட்டை போட்டு எண்ணெய் விட்டு வெல்டிங் வைச்சுத் தரலாமாம். எங்களை ஒருத்தரும் ஒண்டும் கேட்கேல்லை. அந்தக் காரில போகப்போறது நாங்கள். "யோசிச்சுச் சொல்லுறம்" என்று திறப்பை வாங்கிக்கொண்டு வந்திட்டம்.

அந்த ஸ்ரடி லீவில கலைப்பீடத்துப் புத்தகங்களை மூடி வைச்சிட்டு இதைப் படிச்சம். முதல் விளங்கினது இது: ஷொக் காரைத் தாங்கிறதில்லை. தாங்கிறது ஸ்பிரிங். பள்ளத்தில அமுங்கின ஸ்பிரிங் சும்மா விட்டால் ஆடிக்கொண்டே இருக்கும், அந்த ஆட்டத்தைப் பிடிச்சு நிப்பாட்டிறதுதான் ஷொக். உள்ளுக்கு இருக்கிற எண்ணெய் சின்ன ஓட்டைகளுக்குள்ளால நெரிபட்டுப் போகேக்க அந்தச் சக்தி சூடாய்க் கழியுது. ஷொக் செத்தால் ரயர் ரோட்டில ஒட்டி நிக்காது, துள்ளும். துள்ளுற ரயருக்குப் பிரேக் பிடிச்சு என்ன? இயக்கச்சியில நடந்தது அதுதான்.

பதிக்கிறது என்றால் ஸ்பிரிங் கட்டையாக வேணும். கட்டையானால் அமுங்க இருக்கிற தூரமும் குறையும். அந்தக் குறைஞ்ச தூரத்துக்குள்ள கார் அடிபடாமல் இருக்க ஸ்பிரிங் இறுக்கமாயும் வேணும். இறுக்கமான ஸ்பிரிங் பலமாய்த் திருப்பித் தள்ளும், அதைப் பிடிக்க ஷொக்கும் பலமாய் இருக்க வேணும். ஆக இது ஒரு சோடிப் பொருத்தம். ஸ்பிரிங்கை மட்டும் மாத்தி, பழைய ஷொக்கை விட்டால் அது தன்ர ஓட்டத்தின்ர அடிப்பகுதியிலயே கிடந்து மாரடிச்சு வேளைக்கே செத்துப்போகும்.

வெட்டுற கதை இன்னும் மோசம். வேலை செய்யிற சுத்து ஆறு இருக்கிற ஸ்பிரிங்கில ஒண்டை வெட்டினால் மிச்சம் 20 வீதம் இறுகும். கேட்க நல்லாத்தான் இருக்குது. ஆனால் வெட்டின நுனி தட்டில ஒழுங்காய்க் குந்தாது. சக்கரம் தொங்கிற நேரம் ஸ்பிரிங் தளர்ந்து இடம் விலகலாம், ஓட்டத்தில அது நடந்தால் ஆரைப் போய்க் கேட்கிறது?

இன்னொண்டு எங்களை உண்மையிலேயே ஆச்சரியப்படுத்தினது. பதிஞ்ச கார் வளைவில குறைவாய்ச் சரியும் என்றுதான் எல்லாரும் நினைப்பினம். இந்தக் காரின்ர முன்பக்கம் மக்ஃபேர்சன் ஸ்ரட். காரைப் பதிக்கப் பதிக்கக் கீழ்க் கையின்ர சக்கரப் பக்கம் மேல போகும். அப்ப கார் எந்தப் புள்ளியைச் சுத்திச் சரியுதோ அந்தப் புள்ளி, காரின்ர உடம்பு இறங்கினதை விடக் கூடுதலாய் இறங்கிவிடும். கனக்கப் பதிச்சால் சரியிற போக்கு கூடும், இறுக்கமான ஸ்பிரிங் அதை மறைக்கும், அவ்வளவுதான். அண்ணாவுக்கு இதைப் படம் கீறி அனுப்பினம். இரண்டு நாள் பதில் இல்லை.

பிறகு பஞ்சிகாவத்தையில ஒரு கடையில இருந்து ஒரு படம் அனுப்பினார். யப்பானில கழற்றின லோவரிங் ஸ்பிரிங் நாலு, நல்ல விலை. 30 மில்லிமீற்றர் பதிக்கும், அதாவது அவரின்ர அந்த இரண்டு விரல். காசு தான் அனுப்புறாராம். உண்மையைச் சொன்னால், அண்டைக்கு இரவு ஓம் என்று சொல்லத்தான் இருந்தம்.

காலமை ஒரு வேலை செய்தம். அம்மா, அம்மம்மா, பக்கத்து வீட்டுச் சித்தி மூன்று பேரையும் பின்சீற்றில இருத்திப்போட்டு ரயருக்கு மேல விரலை வைச்சுப் பார்த்தம். அம்மம்மா "என்னடி, என்னை நிறுக்கிறியளோ?" என்று கேட்டா. நாலு விரல் இரண்டாய் இறங்கிச்சு. எங்கட கார் போற இடம் எல்லாம் இந்த மூன்று பேரோடயும்தான்: கிளினிக், கோயில், செத்தவீடு. அதில இரண்டு விரலை முதலே எடுத்திட்டால் மிச்சம் என்ன? எங்கட ஒழுங்கையில மாரிக்குத் தண்ணி நிக்கிற குழி, வாசலில மதகு, ரெயில் கடவை, பள்ளிக்கூடங்களுக்கு முன்னால மேடு. இறுக்கமான ஸ்பிரிங் அவ்வளவு அமுங்காது என்பது சரிதான். ஆனால் அந்த இறுக்கத்தை வாங்கப்போறது ஆரின்ர முதுகு?

அண்ணாவுக்கு எழுதினம்: "அண்ணா, நீங்கள் இதைத் தனிய ஓடினனீங்கள். நாங்கள் நாலைஞ்சு பேர் ஓடுறம்." எழுதி அனுப்பினாப் பிறகுதான் அதின்ர இன்னொரு அர்த்தம் எங்களுக்கே குத்தினது. அழிக்க முதல் நீலச் சரி விழுந்திட்டுது.

கடைசியில எடுத்தது கேவைபியின்ர நியூ எஸ்ஆர் ஸ்பெஷல், நீல நிற ஷொக். கொம்பனி ஷொக்கை விடக் கொஞ்சம் இறுக்கம். பழைய ஸ்பிரிங்கோடயும் போடலாம், அளவாய்ப் பதிக்கிற ஸ்பிரிங்கோடயும் ஒத்துப்போகும். கார் தன்ர குணத்தை விடாது, அம்மாவும் இருக்கலாம். அண்ணாவின்ர ஆசைக்கும் கதவைச் சாத்தேல்லை, கொஞ்சம் நீக்கி வைச்சிருக்கிறம். நாலுக்கும் ஒரு இலட்சத்துக்கு மேல போச்சுது. ரியூசன் குடுத்துச் சேர்த்த காசு பாதி, அண்ணா பாதி. ஸ்பிரிங் பழசுதான், வெடிப்பு இருக்கோ என்று கழுவிப் பார்த்தது. முன்பக்க மேல் மவுண்டும், ரப்பர் தாங்கிகளும், தூசி மூடிகளும் புதிசு. இதில மிச்சம் பிடிக்காதேங்கோ, திரும்பக் கழற்றுற கூலி அதை விடக் கூட.

பூட்டினது வேற கராஜ். அங்க இருந்த அண்ணை வயது போனவர், ஆரின்ர நம்பரும் கேட்கேல்லை. புஷ் இருக்கிற நட்டுகளைக் கார் ஜக்கில தொங்கேக்க இறுக்க வேண்டாம், நிலத்தில இறக்கிப்போட்டு இறுக்குங்கோ என்று வாசிச்சதைச் சொன்னம். தொங்கேக்க இறுக்கினால் புஷ் ரப்பர் எந்நேரமும் முறுகினபடி கிடந்து கிழிஞ்சுபோகும். அவர் நிமிர்ந்து பார்த்தார். "பிள்ளையள் எஞ்சினியரிங்கோ?"

"இல்லை, ஆர்ட்ஸ்."

"ம்." அவ்வளவுதான். ஆனால் இறக்கிப்போட்டுத்தான் இறுக்கினவர். அங்கயிருந்து நேரே வீல் எலைன்மன்ற்.

வீட்ட வரேக்க ரெயில் கடவையை வேணுமெண்டு கொஞ்சம் வேகமாய்க் கடந்தம். ஏறிச்சு, இறங்கிச்சு, நிண்டது. ஒரே ஒருதரம். பின்சீற்றில அம்மா போனில சித்தியோட மரக்கறி விலை கதைச்சுக்கொண்டிருந்தா. கதை நிக்கேல்லை.

இரவு அண்ணா படம் கேட்டார். ரயருக்கு மேல நாலு விரலையும் வைச்சு எடுத்து அனுப்பினம். சிரிக்கிற முகம் ஒண்டு வந்தது. கொஞ்ச நேரத்தால பஞ்சிகாவத்தைப் படம் திரும்பவும், கீழ ஒரு வரி: "இன்னும் விக்கேல்லையாம்."