விசிறியைச் சுற்றிய கைகள்

தோட்டத்தில் பிறந்த என் தந்தையார் 1960களில் விமான நிலையமொன்றில் இயந்திரப் பணியாளராய் அமர்ந்தார். அவர் பேணியவை டக்கோட்டா விமானங்கள். அவற்றின் ஒவ்வோர் இயந்திரத்திலும் 14 சிலிண்டர்கள், ஏழேழாய் இரு வரிசையில், சைக்கிள் சக்கரத்தின் கம்பிகளைப்போல் நடுத்தண்டைச் சூழ்ந்து நிற்கும். குளிர்விக்கத் தண்ணீர் வேண்டா. எதிர்வரும் காற்றே போதும்.

1,200 குதிரைச்சக்தி கொண்ட அவ்வியந்திரத்திற்கும் ஒரு குறை உண்டு. இரவெல்லாம் நின்றால் எண்ணெய் கசிந்து கீழ்ச் சிலிண்டர்களில் தேங்கிவிடும். எண்ணெய் காற்றைப்போல் அமுங்காதன்றோ? அப்படியே முடுக்கினால் உள்ளிருக்கும் இணைப்புத் தண்டு வளையும். வளைந்தது பின்னர் வானத்திலே முறியவும் கூடும். ஆகையால் முதலில் சுழல்விசிறியைக் கையால் மெல்லச் சுற்றிப் பார்ப்பர்.

ஒரு மழைநாள் காலை, மேலதிகாரி அவசரப்படுத்தினார். பாதிச் சுற்றிலேயே விசிறி தடைபட்டது.

"மன்னியுங்கள் ஐயா, எண்ணெய் நிற்கிறது" என்று அப்பா கையை எடுத்துவிட்டார். அதிகாரி கடிந்துகொண்டார். கீழ்ச் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றியதும் கறுப்பு எண்ணெய் அப்பாவின் சட்டை நனையக் கொட்டிற்று. அதிகாரி அதன்பின் பேசவில்லை.

பயணிகள் தாமதமாய்ப் புறப்பட்டனர்; காரணத்தை எவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. அந்தச் சட்டையின் கறையோ, அம்மா எத்தனை முறை துவைத்தும் போகவில்லை.