விறகடுப்பு மணக்கும் டெக்சாஸ் பண்ணை!

வெளியே எந்த ஆண்டாக இருந்தாலும், இந்தப் பண்ணைக்குள் நுழைந்தால் 1918தான்!

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஸ்டோன்வால் என்ற சிற்றூருக்கு அருகே இருக்கிறது சாயர்-பெக்மன் பண்ணை. ஜெர்மானிய வம்சாவளியைச் சேர்ந்த சாயர் குடும்பம் 1869-ல் குடியேறிய இடம். இன்று அரசுப் பூங்காவின் ஒரு பகுதி. அனுமதி இலவசம்.

அந்தக் கால உடையணிந்த ஊழியர்கள் பால் கறக்கிறார்கள், முட்டை சேகரிக்கிறார்கள், வெண்ணெய் கடைகிறார்கள். மதியச் சமையல் விறகடுப்பில்தான்! சமையல் முடிந்தாலும் அன்றைய பெண்களுக்கு ஓய்வு கிடையாது. மிச்சத் துணிகளை வெட்டி, ஒட்டுப்போட்டு 'குவில்ட்' போர்வை தைப்பார்கள். கிழிந்த சட்டையும் கவுனும் குளிர்காலத்தில் போர்வையாகத் திரும்பி வரும்.

சாயர் வீட்டு மகள் அகஸ்டா பிரசவம் பார்ப்பவர். 1908-ல் அவர் பிரசவம் பார்த்துப் பிறந்த அண்டை வீட்டுக் குழந்தைதான், பின்னாளில் அமெரிக்க அதிபரான லிண்டன் ஜான்சன்!

தண்ணீர் இறைத்து, விறகு சுமந்து, அடுப்பில் சூடேற்றிய இரும்புப் பெட்டியால் துணி தேய்த்த பெண்களின் நடுவே வளர்ந்தவர் அவர். 1937-ல் நாடாளுமன்ற உறுப்பினரானதும், இந்தப் பகுதிக்கு மின்சாரம் கொண்டுவரப் பாடுபட்டார். 1939-ல் விளக்குகள் எரிந்தன.

ஆற்றைத் தாண்டினால் அவருடைய பண்ணை வீடு. அவர் 4 வயதில் படித்த ஒற்றை அறைப் பள்ளியும் அங்கேதான்.

விறகடுப்பு வாசனை யாருக்கும் பாட்டியை நினைவூட்டும். அந்த அடுப்படியில் பாட்டி பட்ட பாட்டையும் சேர்த்தே நினைவூட்டுகிறது இந்தப் பண்ணை!