கணக்கில் வராத சொத்து

‘அப்பா, டாட்டூ போட்டுக்கட்டுமா?’ என்று கேட்டாள் கல்லூரியில் படிக்கும் மகள். பி.காம். படித்தவன் வேறென்ன சொல்வேன்? ‘போடுறதைவிட அழிக்கிறதுக்குத்தான் செலவு ஜாஸ்தி. வேண்டாம்’ என்றேன். ஆனால், மனசு கேட்கவில்லை. படிக்க உட்கார்ந்துவிட்டேன்.

1991-ல் ஆல்ப்ஸ் மலைப் பனிக்குள் ஓர் உடல் கிடைத்தது, தெரியுமா உங்களுக்கு? சுமார் 5,300 வருஷத்துக்கு முந்தைய ஆசாமி. உடம்பில் 61 குறிகள். எல்லாம் வெறும் கோடுகள்தான். பல, மூட்டு தேய்ந்த இடங்களில் இருப்பதால், வலிக்கான வைத்தியமாக இருக்கலாம் என்கிறார்கள்.

‘டாட்டூ’ என்ற வார்த்தை பசிபிக் தீவுகளின் சரக்கு. 1769-ல் தஹிதிக்குப் போன கேப்டன் குக்கின் ஆட்கள் அங்கிருந்து கொண்டுவந்தது. சமோவா ஆண்களுக்கு இடுப்பு முதல் முழங்கால் வரை குத்துவார்கள். நியூசிலாந்தின் மவோரிகளுக்கு முகத்திலேயே வம்ச வரலாறு. அந்தக் காலத்தில் அதை உளியால் செதுக்கினார்களாம்! ஜப்பானில் முதுகு நிறைய டிராகனும் மீனும். 1872-ல் அரசாங்கம் போட்ட தடை 1948-ல்தான் விலகியது. எடிசனின் மின்சாரப் பேனாவை அடிப்படையாக வைத்து, 1891-ல் நியூயார்க்கில் சாமுவேல் ஓ’ரைலி டாட்டூ மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார்.

நம்ம ஊரில்? ஊசியும் கரியும் கொண்டுவரும் குறத்திதான் மெஷின். உள்ளே போவது கறுப்பு. தோலுக்கடியில் பச்சையாகத் தெரிவதால் ‘பச்சை குத்துதல்’.

என் அப்பத்தாவின் முன்கையில் அப்படியொரு புள்ளிக் கோலம் இருந்தது. ‘செத்தா கூட வர்றது இது ஒண்ணுதாண்டா’ என்பாள். நான் சிரிப்பேன்.

அவள் போன அன்றைக்குத் தோடு, மூக்குத்தி, வளையல் என்று ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். பின்னால் தகராறு வரக் கூடாதே என்று பட்டியல் எழுதச் சொன்னார்கள். எழுதியது நான்தான். பி.காம். ஆயிற்றே! எழுதி முடித்து நிமிர்ந்தபோது, அந்தக் கை கண்ணில் பட்டது. எல்லாம் போன பிறகும் கோலம் அப்படியே இருந்தது. யாரும் பங்கு கேட்கவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு வெளியே போய் அழுதேன்.

இதையெல்லாம் மகளிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவள், ‘இப்போ சொல்லுப்பா... போட்டுக்கட்டுமா, வேண்டாமா?’ என்றாள்.

நீங்களாக இருந்தால் என்ன சொல்வீர்கள்?

‘கண்ணு முன்னாடி புது ஊசியைப் பிரிக்கச் சொல்லு. அப்புறம் ஒரு வருஷத்துக்கு ரத்ததானம் பண்ண முடியாது, ஞாபகம் வெச்சுக்கோ’ என்றேன்.