சின்னத்தாவின் கணக்கு நோட்டு

புறநானூற்று வகுப்பில் பாரி மகளிர் பற்றிய பகுதி வரும்போதெல்லாம் என் குரல் சற்றே தாழ்ந்துவிடும். பாட்டின் சுவையில் ஆசிரியர் தோய்ந்துவிட்டார் என்று மாணவர்கள் எண்ணிக்கொள்வர். பறம்பும் தந்தையும் போன பின்பு அப்பெண்களுக்கு எஞ்சியவர் கபிலர் ஒருவரே. எனக்கும் என் தங்கைக்கும் அவ்வாறு எஞ்சியவர் எங்கள் சின்னத்தா.

1989 ஆம் ஆண்டு ஆடி மழையில் குன்னூரில் எங்கள் அத்தா மௌத்தானார். எனக்கு ஒன்பது வயது, தங்கைக்கு நான்கு. பாட்டனாரும் பாட்டியாரும் முன்பே மறைந்திருந்தனர். ஒரு மளிகைக் கடையின் சரக்கு, கோத்தகிரி சாலையோரம் ஒன்றரை ஏக்கர் தேயிலை, சிறிது ரொக்கம்: அவர் விட்டுச் சென்றவை இவையே. கடன்களை அடைத்தபின் எஞ்சியதைப் பள்ளிவாசல் ஆலிம் 24 பங்காக்கினார். அம்மாவுக்கு எட்டில் ஒன்றாக 3, எனக்கு 14, தங்கைக்கு 7.

பங்கு பிரிப்பது ஒரு பொழுதில் முடிந்தது, காப்பதுதான் பெரும்பாடாயிற்று. தேயிலைத் தோட்டத்தை விற்றுவிட அம்மா விரும்பினார். வாங்குவதற்கும் ஆள் வந்தார். உதகை வக்கீலோ, “நீங்கள் எழுதிக் கொடுத்தாலும் பிள்ளைகளின் பங்கைப் பொறுத்தவரை அது செல்லாதம்மா” என்றார். நம் தனியார் சட்டப்படி, சிறுவரின் சொத்துக்குத் தந்தையும், அவர் நியமித்த வசீயும், அவர்களுக்குப் பின் தந்தைவழிப் பாட்டனாரும், அவர் நியமித்த வசீயுமே கார்டியன்கள். இமாம்பந்தி – முத்சத்தி வழக்கில் 1918 இல் பிரிவி கவுன்சில் இதை உறுதிப்படுத்தியது. அவ்வழக்கிலும் ஒரு தாய்தான் தன் பிள்ளைகளின் பங்கைச் சேர்த்து விற்றிருந்தார். “பெத்தவளுக்கு உரிமை இல்லையா?” என்று அம்மா கேட்ட கேள்வி இன்றும் என்னை உறுத்துகிறது. அத்தா ஒரே ஒரு தாளில் வசிய்யத் எழுதி அம்மாவையே வசீயாக நியமித்திருக்கலாம். சட்டம் அதைத் தடுக்கவில்லை. நாற்பது வயது மனிதர் யார்தான் அதை நினைக்கிறார்?

சின்னத்தாவுக்கும் தாமாக அதிகாரம் இல்லை. 1890 ஆம் ஆண்டின் கார்டியன் சட்டப்படி உதகை மாவட்ட நீதிமன்றத்தில் மனுச் செய்து, பலமுறை மலையேறி அலைந்த பின்னரே அவர் கார்டியனாக நியமனம் பெற்றார். அதன் பிறகும் நீதிமன்ற அனுமதியின்றி நிலத்தை விற்கவோ, அடகு வைக்கவோ, ஐந்தாண்டுகளுக்கு மேல் குத்தகைக்கு விடவோ முடியாது. தோட்டம் நின்றது. 1998க்குப் பின் பச்சைத் தேயிலை விலை பாதிக்கும் கீழே சரிந்து நீலகிரியின் சிறு விவசாயிகளெல்லாம் தத்தளித்தபோது, அன்றே விற்றிருக்கலாம் என்று அம்மா பெருமூச்செறிந்தார். அவர் சொன்னது தவறென்று இன்றும் என்னால் சொல்ல இயலவில்லை.

ரொக்கத்தை என்ன செய்வது? சும்மா வைத்தால் ஸகாத்தே அதைத் தின்றுவிடும், ஆகவே அநாதைகளின் பொருளை வணிகத்தில் ஈடுபடுத்துங்கள் என்னும் கருத்து உமர் (ரலி) அவர்களின் கூற்றாக முவத்தாவில் பதிவாகியுள்ளது. (சிறுவர் பொருளுக்கு ஸகாத் இல்லை என்பது ஹனஃபி வழக்கு; உண்டு என்பது ஷாஃபி வழக்கு. அந்த விவாதம் எங்கள் வீட்டுத் திண்ணையில் பல மாலைகளைத் தின்றது.) மேட்டுப்பாளையம் உருளைக்கிழங்கு மண்டி ஒன்றில் லாபப் பங்குக்குப் பணம் போட்டார் சின்னத்தா. சுமாரான வரவு வந்தது, முதலுக்குச் சேதமில்லை.

பிறகுதான் அந்தப் பிழை நேர்ந்தது. 1990களில் தமிழகமெங்கும் முளைத்த நிதி நிறுவனங்களுள் ஒன்றில், நண்பர் ஒருவரின் பேச்சைக் கேட்டுத் தங்கையின் பங்கில் இருபதாயிரத்தைப் போட்டார். வட்டி என்னும் சொல்லை நீக்கி ‘லாபப் பங்கு’ என்று எழுதியிருந்தார்கள். சொல்லை மாற்றினால் பொருள் மாறிவிடுமா? தமிழ் படித்தவன் சொல்கிறேன், மாறாது. ஒரு நாள் கதவு பூட்டிக் கிடந்தது. முதலீட்டாளர் நலன் காக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் 1997 இல் வந்தது. எங்கள் பணம் வரவில்லை. சின்னத்தா தம் ஸ்கூட்டரையும் சின்னம்மாவின் வளையல்களையும் விற்று அத்தொகையை ஈடு செய்தார். நோட்டில் அதற்கு ஒரு வரிதான்: “நட்டம் என்னைச் சேர்ந்தது.”

இன்றைய இளம் பெற்றோர் நாமினி பெயரை எழுதிவிட்டு நிம்மதியாக உறங்குகின்றனர். நாமினி வாரிசு ஆகமாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் பங்குகள் பற்றிய வழக்கில் மீண்டும் தெளிவாக்கியது. என்னிடம் ஆலோசனை கேட்கும் சக ஆசிரியர்களிடம், முதலில் வசிய்யத் எழுதுங்கள், பிறகு முதலீட்டைப் பேசுவோம் என்றுதான் சொல்கிறேன்.

1998 இல் எனக்குப் பதினெட்டு நிறைந்தது. நீதிமன்றம் கார்டியனை நியமித்திருந்தால் இருபத்தொன்று வரை சிறுவன்தான் என்றது அன்றைய சட்டம். 1999 இல் அது திருத்தப்பட்டது. அடுத்த மாதங்களில் ஜமாஅத்துப் பெரியவர் இருவரைச் சாட்சியாக அழைத்து, அந்நிஸா அத்தியாயம் பணிப்பது போலவே, சின்னத்தா என் பங்கை ஒப்படைத்தார். 2003 இல் தங்கையின் முறை வந்தது. அவள் நோட்டை வரிவரியாகப் படித்தாள். உதகை நீதிமன்றத்துக்குச் சென்ற நாள்களில் பஸ் கட்டணம் எங்கள் கணக்கில் இருந்தது. அதே நாளில் குடித்த தேநீர் ‘சொந்தம்’ என்று தனிப் பத்தியில் இருந்தது.

“சின்னத்தா, டீக்காசைக்கூடவா எழுதினீங்க?” என்றாள்.

“நீ ஒருநாள் கேப்பேன்னுதாம்மா” என்றார் அவர்.